பல் தேய்ந்துவிட்டது: கேப் போடுவதா, பூசி உயர்த்துவதா, அப்படியே விடுவதா?

பல் தேய்ந்துபோய் டாக்டரிடம் போனால், திரும்பி வரும்போது கையில் பெரும்பாலும் ஓர் எஸ்டிமேட் இருக்கும். பெரம்பூரில் இருக்கும் என் சித்தப்பாவுக்குக் கிடைத்த தாளில், மேலும் கீழுமாக இருக்கிற அத்தனை பல்லுக்கும் ஜிர்கோனியா கேப் (பல்லைச் சுற்றி ராவி, மேலே மாட்டுகிற வெள்ளை நிற உறை), அதற்கு முன்னால் பாதிப் பல்லுக்கு ரூட் கெனால் (உள்ளே இருக்கிற நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது), மொத்தம் மூன்றரை லட்சத்துக்குப் பக்கத்தில் என்று இருந்தது. இன்னோர் இடத்தில் அதே வாயைப் பார்த்த டாக்டர், "கேப்பெல்லாம் இப்போதைக்கு வேண்டாம், தேய்ந்த இடத்தில் காம்போசிட் வைத்து உயர்த்திப் பார்க்கலாம், ராத்திரி கார்டு போட்டுக்கோங்க" என்றார். காம்போசிட் என்பது பல் நிற ஃபில்லிங், கார்டு என்பது தூங்கும்போது பல்லின்மேல் மாட்டிக்கொள்கிற உறை. மூன்றாவது இடத்தில், "வலிக்குதா? இல்லையா? அப்ப விட்டுடுங்க."

மூன்று பேரும் படித்த டாக்டர்கள்தான், மூன்று வழியும் யாரோ ஒருவருக்குச் சரியான வழிதான். யாருக்கு எது என்பதில்தான் சிக்கல். நான் பல் டாக்டர் இல்லை. வீட்டிலும் நட்பிலும் இதற்காகக் கூடவே அலைந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏன் தேய்ந்தது என்று தெரிவதற்கு முன் எந்தச் செலவும் செய்யக் கூடாது, பல்லை ராவாமல் முடிகிற வழி ஒன்று இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏன் தேய்ந்தது?

பல்லின் மேலுறையான எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் அதில் உயிரணு கிடையாது, அதனால் போனது திரும்ப வளராது. எனாமலை மீட்கும் என்று விளம்பரத்தில் வரும் பேஸ்ட் எல்லாம் மிருதுவாகிப்போன மேற்பரப்பைக் கொஞ்சம் இறுக்கலாம், தேய்ந்து போன உயரத்தைக் கொண்டுவராது. எனாமல் போனதும் உள்ளே இருக்கிற மஞ்சள் நிற டென்டின் வெளியே வரும், அது இன்னும் வேகமாகத் தேயும்.

தேய்கிற வழி மூன்று. பல்லோடு பல் உரசித் தேய்வது ஒன்று, தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறவர்களுக்கு வருவது. அடையாளம் எளிது: மேல்பல்லின் தட்டையான இடமும் கீழ்ப்பல்லின் தட்டையான இடமும் தாடையை லேசாக நகர்த்தினால் அப்படியே பொருந்தும். இரண்டாவது, அமிலம் அரிப்பது. இதில் பல் தட்டையாகாது, குழி குழியாக, ஓரம் மழுங்கிப் போகும். பழைய ஃபில்லிங் தேயாமல் இருக்க, சுற்றி இருக்கிற பல் மட்டும் இறங்கியிருக்கும். சித்தப்பாவின் கீழ்க்கடைவாய்ப் பல்லில் எப்போதோ அடைத்த வெள்ளி நிற ஃபில்லிங் பல்லை விட உயரமாக நிற்பதை டாக்டர் கண்ணாடியில் காட்டியபோதுதான், நாக்கில் ரொம்ப நாளாகத் தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது என்ன என்றே அவருக்குப் புரிந்தது. மூன்றாவது, வெளியிலிருந்து தேய்ப்பது: முரட்டு பிரஷ், சொரசொரப்பான பல்பொடி, உமிக்கரி, செங்கல் பொடி, இப்போது ஃபேஷனாகத் திரும்பி வந்திருக்கிற சார்க்கோல். ஈறுக்குப் பக்கத்தில் பல்லின் கழுத்தில் வெட்டு விழுந்த மாதிரி இருந்தால் பெரும்பாலும் இதுதான்.

பெரும்பாலானவர்களுக்கு இதில் இரண்டோ மூன்றோ கலந்தே இருக்கும். சித்தப்பா சின்ன வயதில் உமிக்கரி, பிறகு பல வருஷம் பாக்கு, சர்க்கரை வந்ததிலிருந்து காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு. எனாமல் கரையத் தொடங்கும் அளவு ஏறக்குறைய பிஎச் 5.5 (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்), எலுமிச்சைச் சாறு 2க்கும் 3க்கும் நடுவில், கோலா பானங்களும் கிட்டத்தட்ட அங்கேதான். அதைக் குடித்த கையோடு பிரஷ் பண்ணுகிறவர்கள், மிருதுவாகியிருக்கிற எனாமலைத் தேய்த்தே எடுக்கிறார்கள். வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரமாவது விட்டுப் பிரஷ் பண்ண வேண்டும். புளிக்குழம்பும் ரசமும் சாப்பிடக் கூடாதா என்று பயப்பட வேண்டாம், சாப்பாட்டோடு போகிற புளிப்பு அவ்வளவு தொல்லை இல்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கிற புளிப்புதான் பல்லைத் தின்கிறது.

இன்னொரு கேஸ், ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிற நண்பன் ஒருவன், நாற்பதுகூட ஆகவில்லை. மேல் முன்பல்லின் உள்பக்கம், அதாவது நாக்குப் பக்கம், கண்ணாடி மாதிரி மெலிந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அந்த இடம் மட்டும் கரைந்தால் அமிலம் பெரும்பாலும் வயிற்றிலிருந்து மேலே வருகிறது என்று அர்த்தம். ஷிப்ட் முடிந்து ராத்திரி பதினொன்றுக்குப் பிரியாணி, உடனே படுக்கை, விடிந்தால் புளித்த ஏப்பம். அவனுக்கு முதல் மருந்து பல் டாக்டரிடம் இல்லை, வயிற்று டாக்டரிடம் இருந்தது. இது தெரியாமல் பல்லில் என்ன வேலை செய்தாலும், கேப்பின் ஓரத்தில் மிச்சமிருக்கிற சொந்தப் பல் கரைந்துகொண்டேதான் இருக்கும்.

கடிக்கிறவர்களிடம் டாக்டர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும், கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். குறட்டை பலமாக விட்டு நடுவில் மூச்சு நின்று விழிக்கிறீர்களா என்பது ஒன்று, மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறீர்களா என்பது இன்னொன்று. அந்த மாத்திரைகளில் சில வகை பல் கடிப்பதைத் தூண்டும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பேசுங்கள். குழந்தை தூக்கத்தில் பல் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பூச்சி மருந்து கொடுப்பது தப்பில்லை, ஆனால் அதனால் கடிப்பது நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பால்பல் வயதில் பலருக்கு அது தானாகவே குறைந்துவிடும்.

முதல் வழி: ஒன்றும் செய்யாமல் கவனிப்பது

இதைச் சொல்கிற டாக்டரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். மெதுவாகத் தேயும்போது பல் உள்ளுக்குள் புதிதாக டென்டினைப் போட்டுக்கொண்டே வரும், நரம்பு பின்வாங்கிக்கொள்ளும். அதனால்தான் எழுபது வயதில் பல் பாதியாகத் தேய்ந்தும் கூச்சமே இல்லாமல் தட்டையும் சீடையும் கடித்துச் சாப்பிடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். வயதுக்குத் தகுந்த தேய்மானம், வலி இல்லை, கூச்சம் இல்லை, மெல்லுவதில் சிரமம் இல்லை, பார்க்க எப்படி இருக்கிறது என்பதிலும் கவலை இல்லை என்றால், இதுதான் நல்ல வழி.

ஆனால் கவனிப்பது என்றால் கவனிக்க வேண்டும். இன்றைக்கு ஒரு ஸ்கேனோ, மாவில் எடுத்த அச்சோ, குறைந்தது நல்ல வெளிச்சத்தில் நாலு போட்டோவோ வேண்டும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அதோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட எதுவும் இல்லாமல் "பரவாயில்லை, அப்படியேதான் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

கூச்சம் இருந்தால் அதற்கான பேஸ்ட்டை இரண்டு மூன்று வாரம் விடாமல் போட்டால்தான் பலன் தெரியும், நாலு நாளில் பேஸ்ட்டை மாற்றுவது வீண். ஃப்ளூரைட் வார்னிஷ் டாக்டர் பூசிவிடுவார், செலவு குறைவு.

நைட் கார்டு தனி விஷயம். தூக்கத்தில் கடிக்கிறவர் வேறு என்ன சிகிச்சை எடுத்தாலும் இது கூட வேண்டும். கடிக்கும் பழக்கத்தை இது நிறுத்தாது. பல்லுக்குப் பதில் பிளாஸ்டிக் தேயும், அவ்வளவுதான். மெத்தென்று இருக்கிற வகை ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்காதீர்கள். சிலருக்கு அது சூயிங் கம் கணக்காக இன்னும் கடிக்கத் தூண்டும், பலமாகக் கடிக்கிறவர்களுக்குச் சீக்கிரம் ஓட்டையாகிவிடும். அளவெடுத்து லேபில் செய்கிற கெட்டியான அக்ரிலிக் வகைதான் கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் கேட்ட இடங்களில் 3,000 முதல் 7,000 வரை சொன்னார்கள். முதல் வாரம் வாயில் எச்சில் ஊறும், எடுத்து எறியத் தோன்றும், பிறகு பழகிவிடும். தாடைத் தசையில் போடாக்ஸ் ஊசி போடலாம் என்றும் இப்போது சொல்கிறார்கள். கடியின் வேகம் குறையும், சில மாதங்கள்தான் தாங்கும், தேய்ந்த பல்லுக்கு அது ஒன்றும் செய்யாது.

இரண்டாவது வழி: காம்போசிட் வைத்து உயர்த்துவது

எனக்குப் பிடித்த வழி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல்லின் நிறத்திலேயே இருக்கிற ஃபில்லிங் பொருளைத் தேய்ந்த இடத்தில் வைத்துப் பல்லை மறுபடி உயரமாக்குவது. பல்லை ராவுவது கிட்டத்தட்ட இல்லை. மேற்பரப்பைச் சுத்தம் செய்து, பாஸ்பாரிக் அமில ஜெல்லைச் சில விநாடிகள் வைத்துக் கழுவி, ஒட்டும் திரவம் பூசி, அதன்மேல் அடுக்கடுக்காக வைத்து நீல வெளிச்சம் காட்டி இறுக வைப்பார்கள். பெரும்பாலும் மரத்துப்போகிற ஊசிகூடத் தேவைப்படாது. பிடிக்கவில்லை, கடி சரியில்லை என்றால் தேய்த்து எடுத்துவிடலாம், கீழே உங்கள் பல் அப்படியே இருக்கும். தேய்ந்த பல்லுக்கான வேலைகளில் பின்வாங்க இடம் கொடுப்பது இது ஒன்றுதான்.

உடனே ஒரு கேள்வி வரும்: முன்பல்லை மட்டும் உயர்த்தினால் கடைவாய் சேராதே? ஆமாம், சேராது. வாயை மூடினால் முன்பல் மட்டும் இடிக்கும், பின்னால் இடைவெளி இருக்கும். சில மாதங்களில் கடைவாய்ப் பற்கள் தாமாக மெல்ல வளர்ந்து வந்து, முன்பற்கள் சற்று அமுங்கி, கடி மறுபடி பொருந்திக்கொள்ளும். 1975இல் நார்வேயில் டால் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும், முன்பல் தேய்ந்த ஓர் இளைஞனுக்கு மேல்பல்லின் உள்பக்கம் ஒரு மெல்லிய உலோகத் துண்டை மாட்டி இதைச் செய்து காட்டினார்கள். இன்றைக்கும் அவர் பெயரிலேயே இந்த முறையைச் சொல்கிறார்கள். இப்போது உலோகத்துக்குப் பதில் காம்போசிட். எல்லோருக்கும் இது முழுசாகப் பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துகிறது. அந்தச் சில மாதங்கள் மட்டும் பொறுமை வேண்டும். முறுக்கு கடிக்க வராது, ஆரம்பத்தில் 'ஸ' உச்சரிக்கும்போது காற்று போகும்.

குறை என்னவென்றால், காம்போசிட் உடையும், ஓரம் சில்லுப் பெயரும், நிறம் ஏறும். மஞ்சளும் ஃபில்டர் காபியும் தினமும் உள்ளே போகிற வாயில் இரண்டு மூன்று வருஷத்தில் பாலிஷ் போட வேண்டியிருக்கும். பாக்கு போடுகிறவர்கள் நிறுத்தாமல் இதைச் செய்துகொள்வது வீண். ஐந்திலிருந்து பத்து வருஷம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம், நடுவில் ஒட்டுப்போடும் வேலை கட்டாயம் வரும். ஆனால் அந்த ஒட்டு அரைமணி நேர வேலை, சில ஆயிரம் ரூபாய். கேப் உடைந்தால் அப்படி இல்லை.

செலவு எங்களிடம் பல் ஒன்றுக்கு 1,500 முதல் 4,000 வரை சொன்னார்கள். அப்படியானால் ஏன் எல்லோரும் இதைச் சொல்வதில்லை? டாக்டரின் கைத்திறமையும் நேரமும் இதில் நிறையச் செலவாகிறது. மணிக்கணக்கில் ஒரே நோயாளிக்கு உட்கார வேண்டும். கேப் என்றால் அளவெடுத்து லேபுக்கு அனுப்பிவிடலாம், மீதி வேலை லேபில் நடக்கும். பல் வடிவம் தெரிந்து பொறுமையாக வைக்கிற கை இல்லை என்றால், காம்போசிட் வேலை மொத்தையாக, பல்லுக்கு நடுவில் சாப்பாடு சிக்குகிற மாதிரி முடியும். அதனால் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால், அதே டாக்டர் முன்பு செய்த தேய்ந்த பல் கேஸ்களின் போட்டோவைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வெறும் ஓட்டை அடைத்த கணக்கு இதற்கு உதவாது.

நண்பனுக்கு மேல் முன்பல்லின் உள்பக்கம் இப்படித்தான் செய்தார்கள், வயிற்றுக்கு மருந்து எடுத்துப் புளித்த ஏப்பம் அடங்கிய பிறகு. அவனுக்குக் கேப் போட்டிருந்தால் ஏற்கெனவே மெலிந்திருந்த பல்லை வெளிப்பக்கமும் ராவியிருப்பார்கள். அந்த வயதில் போடுகிற கேப்பை வாழ்நாளில் இரண்டு மூன்று முறையாவது மாற்ற வேண்டி வரும், ஒவ்வொரு முறையும் பல் இன்னும் கொஞ்சம் குறையும். இளவயதுக்காரர்கள் இந்தக் கணக்கை அவசியம் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆன்லேயும் வெனீரும்

ஆன்லே என்பது கடைவாய்ப் பல்லின் மேல்தளத்தை மட்டும் மூடுகிற துண்டு, லேபில் பீங்கானில் செய்து ஒட்டுவது. தேய்ந்த கடைவாய்க்கு, ஏற்கெனவே மேலே இடம் உண்டாகியிருந்தால், முழுக் கேப்பை விட இது பல மடங்கு நல்லது. பக்கவாட்டை ராவத் தேவையில்லை. விலை கேப் அளவுக்கே வரும், செய்கிறவர்கள் குறைவு.

வெனீர் சிரிப்புக்காக முன்பல்லின் வெளிப்பக்கம் ஒட்டுகிற மெல்லிய ஓடு. கல்யாணத்துக்கு முன் செய்துகொள்கிறார்கள். தூக்கத்தில் பல் கடிக்கிறவருக்கு இது உகந்தது இல்லை, எனாமல் போய் டென்டின் தெரிகிற பல்லில் ஒட்டும் அவ்வளவு உறுதியாக இருக்காது. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கேப் எப்போது சரி?

கேப்பைக் குறை சொல்லிக்கொண்டே போகிறேன் என்று நினைக்க வேண்டாம். பெரிய ஃபில்லிங் இருக்கிற, விரிசல் விட்ட, ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப்தான் சரி. நல்ல கையில் போட்ட கேப்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஐந்து வருஷம் கழித்தும் வாயில் இருக்கின்றன. எனக்குப் பயம், முழுப் பல்லாக இருப்பதையும் ராவிவிடுவதில்தான். சுற்றிலும் ராவும்போது வெளியே தெரிகிற பல்லில் பாதிக்கு மேல் போய்விடும். சித்தப்பா எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டது அதைத்தான்: "தேஞ்சு போச்சுன்னு போனா, மிச்சம் இருக்கறதையும் ராவணும்ங்கறாங்களேம்மா?"

எந்தக் கேப் என்று வரும்போது விலைப் பட்டியலில் மேலே இருப்பதுதான் நல்லது என்று நினைத்துவிடுகிறோம். சாதா உலோகக் கேப் பார்க்க அழகில்லை, ஆனால் மெலிதாகச் செய்யலாம், அதனால் பல்லை ராவுவது குறைவு, உடையாது. பின் கடைவாயில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு காலத்தில் நம் ஊரில் தங்கப்பல் கட்டிக்கொண்டது பகட்டுக்குத்தான், ஆனாலும் எதிர்ப்பல்லை அதிகம் தேய்க்காத பொருட்களில் தங்கம் ஒன்று. உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய பிஎஃப்எம் கேப் நடுத்தர விலை, 3,000 முதல் 6,000 வரை கேட்டோம். பல் கடிக்கிறவருக்கு அந்தப் பீங்கான் பெயர்ந்து வரும், சில வருஷத்தில் ஈறு ஓரம் கறுப்புக் கோடு தெரியும்.

ஜிர்கோனியா பலமானது, அதில் சந்தேகமில்லை. அதில் கெட்டியான வகை, இ-மேக்ஸ் என்று சொல்கிற லித்தியம் டைசிலிகேட் பீங்கானை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு பலம். 7,000 முதல் 15,000 வரை சொன்னார்கள். ஆனால் தேய்ந்த பல்லுக்கு ஒரு சிக்கல் உண்டு, இதை விற்கிறவர்கள் பேசுவதில்லை. இ-மேக்ஸை அமிலம் வைத்துச் சொரசொரப்பாக்கிப் பல்லோடு இறுக ஒட்டலாம், ஜிர்கோனியாவில் அந்த அமிலம் வேலை செய்யாது. அது பெரும்பாலும் பல்லின் உயரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. தேய்ந்து குட்டையாகிப்போன பல்லில் உயரமே இல்லையே, அப்புறம் எதைப் பிடித்து நிற்கும்? கழன்று கழன்று வரும். அதற்குத்தான் ஈறையும் எலும்பையும் கொஞ்சம் வெட்டிப் பல்லை நீளமாக்குகிற சின்ன ஆபரேஷனையோ, ரூட் கெனால் செய்து உள்ளே போஸ்ட் என்கிற சிறு கம்பியை இறக்குவதையோ சேர்த்துச் சொல்கிறார்கள். எஸ்டிமேட்டில் நல்ல பல்லுக்கெல்லாம் ரூட் கெனால் ஏன் வருகிறது என்பதற்குப் பல நேரம் இதுதான் விடை.

எனவே, நரம்பு உயிரோடு இருக்கிற, வலிக்காத பல்லுக்கு ரூட் கெனால் எழுதியிருந்தால், ஒவ்வொரு பல்லாகக் கை வைத்து "இதுக்கு ஏன் டாக்டர்?" என்று கேளுங்கள். சில பல்லுக்கு நியாயமான காரணம் இருக்கும்: நரம்பு வரை தேய்ந்திருக்கலாம், எக்ஸ்ரேயில் வேர் நுனியில் சீழ் இருக்கலாம். "கேப் போட்டா பின்னாடி வலிக்கலாம், எதுக்கும் முன்னாடியே பண்ணிடலாம்" என்பது மட்டும் காரணமாக வந்தால் வேறோர் இடத்தில் காட்டுங்கள்.

ஜிர்கோனியாவோடு ஒரு வாரண்டி கார்டு தருவார்கள், பத்து வருஷம், பதினைந்து வருஷம் என்று. அந்த வாரண்டி கேப்புக்கு. உள்ளே இருக்கிற பல் சொத்தையானால், வேர் உடைந்தால் அதற்கு வாரண்டி கிடையாது. இன்னொன்று, கடி சரிசெய்ய டாக்டர் கேப்பின் மேல் ராவினால், திரும்ப நன்றாகப் பாலிஷ் போட வேண்டும். போடாமல் விட்டால் சொரசொரப்பான ஜிர்கோனியா எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும்.

முழு வாயும் செய்வது

சிலருக்கு வேறு வழி இல்லை. எல்லாப் பல்லும் பாதியாகி, மூக்குக்கும் தாடைக்கும் நடுவில் முகமே சுருங்கி, வாய் ஓரத்தில் எச்சில் தேங்கிப் புண்ணாகிற நிலை என்றால் முழு வாயையும் உயர்த்தித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் அச்சு எடுத்து, மெழுகில் புதுப் பல் வடிவம் செய்து பார்த்து, அந்த உயரத்துக்குத் தற்காலிகப் பல்லோ காம்போசிட்டோ வைத்துச் சில வாரம், சில நேரம் சில மாதம், சாப்பிட்டுப் பேசித் தூங்கிப் பார்த்து, தாடை ஏற்றுக்கொண்ட பிறகுதான் நிரந்தரமானது. "பத்து நாளில் புதுப் பல்" என்று சொல்கிற இடத்தில் இந்த நடுக்கட்டத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். இது பொதுப் பல் டாக்டர் தனியாகச் செய்கிற வேலையும் அல்ல. ப்ராஸ்தோடான்டிஸ்ட், அதாவது செயற்கைப் பல் பிரிவில் எம்.டி.எஸ். படித்தவர்தான் திட்டம் போட வேண்டும்.

சித்தப்பாவுக்கு அந்த அளவு இல்லை. எலுமிச்சைச் சாற்றையும் பாக்கையும் நிறுத்தி, கீழ் முன்பல்லுக்கும் நான்கு கடைவாய்க்கும் காம்போசிட், விரிசல் விட்டிருந்த ஒரு கடைவாய்க்கு மட்டும் ரூட் கெனாலும் கேப்பும், ராத்திரிக்குக் கார்டு என்று முடிந்தது. மொத்தச் செலவு முதல் எஸ்டிமேட்டில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. எல்லோருக்கும் இப்படிக் குறையும் என்று சொல்லவில்லை, அவர் சரியான கட்டத்தில் போனார்.

எடுத்துவிட்டு இம்பிளான்ட்?

தேய்ந்த பல் என்பதற்காகப் பல்லை எடுக்கச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்று அதுதான் மூளைக்குச் சொல்கிறது. பல்லுக்குப் பதிலாகத் தாடையில் வைக்கிற ஸ்க்ரூவான இம்பிளான்ட்டுக்கு அது கிடையாது, எலும்பில் நேராகப் பதிந்திருக்கும். பல் கடிக்கிற பழக்கம் இருப்பவர் தன் பல்லைத் தேய்த்த அதே வேகத்தில் இம்பிளான்ட் மேல் இருக்கிற கேப்பை உடைப்பார், ஸ்க்ரூவைத் தளர்த்துவார். வேரே உடைந்துவிட்டது, ஈறு நோயில் பல் ஆடுகிறது என்றால் எடுப்பது வேறு கதை.

வயதானவர்களுக்கு, ஈறு மட்டத்துக்கே தேய்ந்துபோய் வேர் மட்டும் உறுதியாக இருந்தால், வேரை எடுக்காமல் அதன்மேலேயே கழற்றி மாட்டுகிற பல் செட் போடலாம். வேர் இருக்கிற வரை தாடை எலும்பு சீக்கிரம் கரையாது, செட்டும் ஆடாது. செலவும் குறைவு. ஏனோ இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள்.

சென்னையில் எங்கே காட்டுவது?

பணம் குறைவு, நேரம் உண்டு என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரி. கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே. 1953இலிருந்து இருக்கிறது, எல்லாப் பிரிவும் ஒரே வளாகத்தில். காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் போரூர், ராமாபுரம், பள்ளிக்கரணை, வேலப்பன்சாவடி, உத்தண்டி என்று நகரைச் சுற்றி இருக்கின்றன, கிளினிக்கை விடக் குறைந்த செலவு. கல்லூரியில் பெரும்பாலும் மேற்படிப்பு மாணவர் செய்வார், பேராசிரியர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்ப்பார். ஒரு மணி நேர வேலைக்கு அரை நாள் போகும், பரீட்சை சமயத்தில் தள்ளிப்போடுவார்கள். ஆனால் தேய்ந்த பல் மாதிரி பொறுமை தேவைப்படுகிற கேஸுக்கு இந்த மெதுவே ஒரு வசதி: வயிற்று அமிலத்தையும் கடியையும் பற்றி முழு விவரம் கேட்டு, அச்சு எடுத்து, மெழுகில் செய்து பார்த்துத்தான் தொடங்குவார்கள்.

கிளினிக் என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். இது ஒரு தடவை போய் முடிகிற வேலை இல்லை, வருஷா வருஷம் போக வேண்டியது. மொத்தத் தொகையையும் முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி என்று சொன்னால் கட்டாதீர்கள். ஒவ்வொரு கட்டமாக, செய்த பல்லுக்கு மட்டும் என்று பேசுங்கள். நடுவில் வேறு டாக்டரிடம் மாற நேர்ந்தால் எக்ஸ்ரே, ஸ்கேன் ஃபைல், அச்சு எல்லாம் உங்களுக்குத் தேவைப்படும், தொடங்கும்போதே நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸை நம்ப வேண்டாம். சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசிகளில் விபத்தில் அடிபட்ட பல்லைத் தவிர மற்றதற்குப் பெரும்பாலும் பணம் வராது, உங்கள் பாலிசியில் ஓ.பி. பல் சிகிச்சை தனியாகச் சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.